முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு,

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண்டபத்து வாசலில் நின்று அசனக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அரிசி எத்தனை சிப்பம், ஆடு எத்தனை, இலைக்கட்டு எத்தனை. அப்போது ஒருவர், "இந்த வருஷம் ஒரு சிப்பத்தைக் குறைச்சுக்கலாம், அந்தப் பக்கத்து ஆட்கள் வரப்போறதில்லை" என்றார். எழுதிக்கொண்டிருந்தவர் பழைய எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு எண் எழுதினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டடி தள்ளி நின்ற நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தபோதுதான் அந்த ஒரு சிப்பம் எனக்கு உறைத்தது. நாற்பது குடும்பம். நம்மோடு ஞானஸ்நானம் எடுத்து, நம்மோடு திருவிருந்தில் முழங்கால்போட்ட நாற்பது குடும்பத்தை நாம் பேனாவால் ஒரு கோடு கிழித்து அடித்துவிட்டோம்.

இந்த மடல் வெளியார் கைக்கும் போகும் என்பதால் சபையின் பெயரை எழுதவில்லை. பம்மலையும் அனகாபுத்தூரையும் பல்லாவரத்தையும் சுற்றி எத்தனையோ சபைகள் இருக்கின்றன. இது தங்களுக்கும் பொருந்துகிறது என்று எந்தச் சபைக்காவது தோன்றினால் அவர்களும் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் நான் யாருக்கு எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். விலகிப் போனவர்களுக்கு நான் எழுதவில்லை. உள்ளே இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, இங்கே மனை வாங்கி வீடு கட்டி, இன்றைக்குக் கமிட்டியிலும் பாடகர் குழுவிலும் முன்வரிசையிலும் இருக்கிற நம்மவர்களுக்கு. நானும் அந்தச் சீமைக்காரிதான். அதனால்தான் எனக்கு இதை எழுத உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நாம் வருவதற்கு முன்பே இந்தச் சபை இருந்தது. அதை மறந்துவிட்டோம். தோல் கம்பெனிகளில் வேலை பார்த்து, கையும் காலும் சுண்ணாம்பில் வெந்து, அந்தக் கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் ஓலைக் கொட்டகை போட்டு ஜெபம் நடத்திக்கொண்டிருந்தார்கள். நாம் வந்து அந்தக் கொட்டகையில்தான் முதலில் உட்கார்ந்தோம். பாய் விரித்து இடம் கொடுத்தவர்கள் அவர்கள். பிறகு நம் சம்பளம் வந்தது, காணிக்கை பெருகியது, கான்கிரீட் கூரை எழுந்தது, கல்வெட்டில் பெயர்கள் ஏறின. அந்தக் கல்வெட்டில் கொட்டகை போட்டவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. போன வாரம் நின்று படித்துப் பார்த்தேன். அதைத் திறந்துவைத்த நாளில் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

நாம் யாரும் சாதி என்ற சொல்லை ஆலயத்துக்குள் சொல்வதில்லை. அதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. நாம் கேட்பதெல்லாம், "உங்களுக்குப் பூர்வீகம் எங்கே?" என்பதுதான். ஊர் பெயரைச் சொன்னதும் நம் முகத்தில் ஒன்று விரியும் அல்லது ஒன்று சுருங்கும். எதிரே நிற்பவர் அதைப் பார்க்காமல் இருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? பெண் கேட்டு வரும்போது, கமிட்டிக்கு ஆள் பார்க்கும்போது, கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்கும்போதுகூட அந்தக் கேள்விதான் வேலை செய்கிறது.

அசனத்திலும் அதுதான் நடந்தது. அசனம் என்றால் நம் ஊரில் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. பண்ணையாரும் பனையேறியும் ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார்ந்து ஒரே அண்டாவின் சோற்றைத் தின்ன வேண்டும், அதற்குத்தான் அசனம். அதை இங்கே கொண்டுவந்தது நாம்தான், அதுவும் ஆசையோடுதான். ஆனால் இத்தனை வருஷமாக முதல் பந்தியில் யார் உட்கார்ந்தோம், கடைசிப் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள், அண்டாவை யார் கழுவினார்கள்? யாரும் உத்தரவு போடவில்லை, உண்மைதான். உத்தரவு போடாமலே அப்படி நடந்தது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட்டு, வேலை முடித்துப் பிந்தி வந்த ஏழைகளைப் பசியோடு விட்டபோது, நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று பவுல் கண்டித்தார். முதல் கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தைத் திருவிருந்து ஞாயிறுதோறும் கேட்கிறோம். நம்மை நாமே சோதித்துப் பார்க்கும்படி அங்கே சொல்லியிருப்பதை, சினிமா பார்த்தேனா, பொய் சொன்னேனா என்ற சோதனையாகவே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த அதிகாரத்தில் பேச்சு பந்தியைப் பற்றியது. யாருக்கு முன்னால் யார் சாப்பிட்டோம் என்பதைப் பற்றியது.

போன வருஷம் அந்த நாற்பது குடும்பத்து வாலிபர்கள் இரண்டு காரியம் கேட்டார்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவேண்டும் என்றார்கள், கமிட்டியில் பொறுப்புள்ள ஓர் இடம் வேண்டும் என்றார்கள். அடுத்த ஞாயிறே கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கம் கேட்டோம். யார் கேட்டுக்கொண்டு அந்தப் பிரசங்கம் வந்தது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் தலையை ஆட்டிக் கேட்டோம். அவர்கள் தலையைக் குனிந்து கேட்டார்கள். அதற்குப் பிறகு நாலைந்து வாரத்தில் ஒவ்வொரு வீடாக வருவதை நிறுத்தினார்கள். இப்போது ஒரு வீட்டு மாடியில் கூடி ஜெபிக்கிறார்கள்.

சபையாரே, கீழ்ப்படிதல் என்பதை நாம் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். எபேசியர் 5ஆம் அதிகாரத்தில் மனைவிகளுக்குச் சொன்னது நமக்கு மனப்பாடம். ஒவ்வொரு கல்யாணத்திலும் வாசிக்கிறோம். அதற்கு முந்தின 21ஆம் வசனத்தில் எல்லாரும் எல்லாருக்கும் கீழ்ப்பட்டிருக்கச் சொல்லியிருப்பதை எத்தனை கல்யாணத்தில் கேட்டிருக்கிறோம்? மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்துக்கு வினைச்சொல்லே கிடையாது. 21இல் உள்ள வினையைத்தான் அது இரவல் வாங்கி நிற்கிறது. அதாவது ஒருவருக்கொருவர் என்ற அந்த வேரிலிருந்துதான் மற்றக் கிளைகள் எல்லாம் வருகின்றன. நாம் வேரை வெட்டிவிட்டுக் கிளையை மட்டும் கையில் கம்பாக வைத்திருக்கிறோம். கடைசி இராப்போஜனத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கால் கழுவக் குனிந்தவர் சீஷர்களில் இளையவர் அல்ல, ஆண்டவர். மேலே இருப்பவர் குனிந்து தொடங்காத எதற்கும் வேதத்தில் கீழ்ப்படிதல் என்று பெயர் இல்லை.

"அவங்க பேசின பேச்சு மட்டும் சரியா? வக்கீல் நோட்டீஸ் அனுப்பினது யாரு?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சரியில்லைதான். அந்தப் பையன்களில் ஒருவன் கமிட்டிக் கூட்டத்தில் பெரியவர் ஒருவரை ஒருமையில் பேசினான், அது தப்பு. சகோதரர் வழக்கை வெளியார் முன் கொண்டுபோகக்கூடாது என்று பவுல் சொன்னது நம் இரு தரப்புக்கும்தான். ஆனால் நோட்டீசுக்கு நாமும் பதில் நோட்டீஸ் தயார் செய்துகொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் திருச்சபைத் தேர்தலை ஓய்வுபெற்ற நீதிபதிகள் வந்து நடத்தித்தரும் நிலைமைக்கு நாம் வந்து சேர்ந்தது இப்படி ஒவ்வொரு நோட்டீசாகத்தான். அவர்கள் குற்றத்தை அவர்கள் ஆண்டவரிடம் கணக்குக் கொடுக்கட்டும். கதவுச் சாவி நம் கையில் இருக்கிறது. வெளியே நிற்பவன் சத்தமாகத் தட்டுகிறான் என்று உள்ளே இருப்பவன் குறைசொல்வது நியாயம் இல்லை.

எருசலேம் சபையிலும் ஒரு பந்திப் பிரச்சினை வந்தது. கிரேக்க மொழி பேசிய யூதர்கள், தங்கள் விதவைகளைத் தினசரிப் பந்தியில் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம். உள்ளூர்க்காரர்கள் கையில்தான் எல்லாம் இருந்தது. முறுமுறுப்பது பாவம் என்று ஒரு பிரசங்கம் செய்திருக்கலாம், முடிந்திருக்கும். செய்யவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்து பந்திப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர். குறைசொன்ன தரப்பிலிருந்தே ஆட்களை எடுத்து, பெட்டிச் சாவியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு பிரதிநிதி அல்ல, இரண்டு பேர் அல்ல, ஏழு பேரும். அதற்குப் பிறகு சபை பெருகியது என்றுதான் அந்தப் பகுதி போகிறது.

நம் தலைமேல் இருக்கிற பெயரும் அப்படி வந்ததுதான். தென்னிந்தியத் திருச்சபை என்ற பலகைக்குக் கீழே தினமும் நுழைகிறோம். அந்தப் பெயர் வந்த கதையை ஞாயிறு பள்ளியிலாவது சொல்லிக்கொடுக்கிறோமா? 1919 மே மாதத்தில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். முன்னால் நின்றவர் நம் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அதற்கு ஒன்பது வருஷம் முன்பு எடின்பரோ மாநாட்டில் மிஷனரிகளைப் பார்த்து, நீங்கள் எங்களுக்காக எல்லாவற்றையும் கொடுத்தீர்கள், நட்பை மட்டும் கொடுக்கவில்லை என்ற பொருளில் பேசி அந்த மண்டபத்தை அதிரவைத்தவர். வெள்ளைக்காரரோடு சமமாக உட்கார முடியாத வேதனை தெரிந்தவர் அவர். நாம் அவர் ஊர்க்காரர் என்று மார்தட்டுகிறோம். அவர் நட்புக் கேட்ட அதே வார்த்தைகளை இன்று நம்மைப் பார்த்துக் கேட்க நாற்பது குடும்பம் இருக்கிறது.

தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு முடிய 28 வருஷம் ஆனது. ஏன் இவ்வளவு காலம்? பேராயர் கைவைக்காமல் கொடுத்த குருப்பட்டம் செல்லாது என்று ஆங்கிலிக்கன் தரப்பில் பலர் நினைத்தார்கள். மெதடிஸ்டுகளும், பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலாரும் 1908இல் சேர்ந்து உருவாக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையாரும், இத்தனை வருஷம் நாங்கள் கொடுத்த திருவிருந்து பொய்யா என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் மனச்சாட்சி உள்ளவர்கள், இரண்டு பக்கமும் தாங்கள் சரி என்று நம்பியவர்கள். முடிவில் என்ன செய்தார்கள்? ஆங்கிலிக்கர்கள் மற்றவர்களின் போதகர்களை மறுபடி பட்டம் வாங்கச் சொல்லாமல் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். பேராயரே வேண்டாம் என்று தலைமுறைகளாக இருந்த சபைகள் பேராயர்களை ஏற்றுக்கொண்டன. எந்தச் சபையின் மீதும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையையோ போதகரையோ திணிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்து எழுதிவைத்தார்கள். எல்லாரும் சேரவில்லை. நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கர்கள் வெளியே நின்றுவிட்டார்கள். இங்கிலாந்திலிருந்தும் முழு ஐக்கியம் உடனே கிடைக்கவில்லை. அந்தப் புறக்கணிப்பையும் தாங்கிக்கொண்டுதான் 1947 செப்டம்பர் 27 அன்று, கதீட்ரல் சாலைக்குப் பெயர் தந்த அதே புனித ஜார்ஜ் பேராலயத்தில், சுமார் பத்து லட்சம் பேர் ஒரே திருச்சபையானார்கள். சுதந்திரம் கிடைத்து 43 நாள். வடக்கே நாடு இரண்டாகப் பிளந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்த நாட்கள். அசரியா அந்த நாளைப் பார்க்கவில்லை, 1945 ஜனவரி 1இல் இறந்துபோனார்.

தப்பை விட்டுக்கொடுப்பது எல்லாருக்கும் முடியும். அவர்கள் தங்களுக்குச் சரி என்று பட்டதையே விட்டுக்கொடுத்தார்கள். நாமோ முதல் பந்தியை விட்டுக்கொடுக்க முடியாமல் நிற்கிறோம்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், தாம்பரத்துக்கே வாருங்கள். 1938 டிசம்பரில் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. முதலில் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடப்பதாக இருந்தது, ஜப்பான் படையெடுத்ததால் இங்கே மாறியது. அந்தப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே சீனக் கிறிஸ்தவர்களும் கககாவா போன்ற ஜப்பானியக் கிறிஸ்தவர்களும் நம் பக்கத்து ஊரில் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஜெபித்தார்கள். சண்டையில் வீடு எரிந்தவர்களால் அது முடிந்தது.

நம் சரித்திரத்தில் இதன் மறுபக்கமும் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு மனமில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று எறையூரில், ஒரே கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த இரு தரப்பு மோதி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அங்கேயும் ஒருநாள் யாரோ ஒருவர், "அவங்க வரப்போறதில்லை" என்று சாதாரணமாகச் சொல்லித்தான் தொடங்கியிருக்கும்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் 1 ராத்திரி உங்களுக்கு நினைவிருக்கும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பொங்கி அனகாபுத்தூரிலும் பொழிச்சலூரிலும் வீடுகளுக்குள் வந்தபோது நம் மண்டபத்தைத் திறந்துவிட்டோம். அந்த நான்கு நாளும் நானும் அந்தப் பக்கத்து அக்கா ஒருவரும் ஒரே அடுப்பில் நின்றோம். விறகு நனைந்து புகைந்தது. அவர்கள் ஊதினார்கள், நான் கிண்டினேன். யார் வீட்டு அரிசி, யார் வீட்டுப் பருப்பு என்று யாருக்கும் தெரியாது. பந்தியே இல்லை, வந்தவர்களுக்கு வந்த வரிசையில் கொடுத்தோம். இந்தச் சபை சபையாக இருந்த நான்கு நாள் அது என்று எனக்குத் தோன்றும். பிறகு பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தலைவி தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. நான் அந்த அக்காவின் பெயரைச் சொல்வதாக அவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கூட்டத்தில் ஒருவர் "அவங்களுக்கு இங்கிலீஷ் லெட்டர் எழுத வராதே" என்றார், சிலர் சிரித்தார்கள், நான் வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தடவைதான் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களுக்குள் மனஸ்தாபம். பவுல் அவர்களுக்குப் புத்தி சொல்லும்போது ஒரே வினையை இரண்டு தடவை எழுதுகிறார், ஆளுக்கு ஒன்றாக. யார் பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. என் பங்குக்கு வந்த அந்த ஒரு சொல்லைத்தான் நான் இத்தனை வருஷமாகச் செய்யாமல் வைத்திருக்கிறேன்.

இப்போது நான் உங்களிடம் கேட்கிறேன்.

அந்த ஒரு சிப்பத்தை மறுபடி கணக்கில் சேருங்கள். அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் உலை வைப்போம். மீந்தால் ரோட்டில் போகிறவர்களுக்குக் கொடுப்போம். ஆனால் இந்த அசனத்தில் கமிட்டியாரும் பாடகர் குழுவும் நன்கொடை எழுதிய பெரியவர்களும் பரிமாறவேண்டும், அண்டா கழுவவேண்டும், கடைசிப் பந்தியில் உட்காரவேண்டும். ஒரு வருஷம் மட்டும் செய்து போட்டோ எடுத்து குரூப்பில் போடுவதற்காக அல்ல. இனிமேல் வருஷா வருஷம் அப்படித்தான்.

பதில் நோட்டீசை அனுப்பாதீர்கள். தயார் செய்ததைக் கிழித்துப்போடுங்கள்.

சேகரக் கமிட்டித் தேர்தலுக்கு இரண்டு அணியாகப் பெயர்ப்பட்டியல் அச்சடித்திருக்கிறீர்கள். இரண்டு பட்டியலிலும் நம்மவர்கள்தான். ஒப்புக்கு ஒரு பெயரை அவர்களிடமிருந்து கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். இரண்டையும் திரும்பப் பெறுங்கள். பொருளாளர் பொறுப்பையும் கணக்குப் புத்தகத்தையும் யார் கையில் கொடுக்கலாம் என்று அந்த நாற்பது குடும்பத்தையே கேளுங்கள். அவர்கள் சொல்கிறவர் கையில் கொடுங்கள். பணம் என்ன ஆகுமோ என்று பயம் வரும். நம் கையில் இருந்தபோது அவர்களுக்கும் அதே பயம் இருந்திருக்கும் அல்லவா? அதோடுதான் அவர்கள் இத்தனை வருஷம் காணிக்கை போட்டார்கள். நம் அண்ணன்மார் சிலருக்கு இது பெரிய அவமானமாகப் படும் என்று தெரியும். ஆங்கிலிக்கப் பேராயர்களுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

கல்வெட்டைப் பற்றி நான் இப்போது ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் திரும்பி வந்த பிறகு அவர்களே சொல்லட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தின்முன் விட்டுவிட்டுப் போகச் சொன்னார் ஆண்டவர். சகோதரன்மேல் உனக்குக் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அதனால் போகவேண்டியவர்கள் நாம். அவர்களைத் திரும்பக் கூப்பிடப் போகவேண்டாம், சமாதானக் கமிட்டி என்று பெயர் வைத்துக்கொண்டும் போகவேண்டாம். அவர்கள் ஜெபிக்கும் மாடியில் பின்னால் உட்கார்ந்து, அவர்கள் பாட்டைப் பாடி, அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவோம். பேசச் சொன்னால் மட்டும் பேசுவோம்.

அவர்கள் வாராவாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கூடுகிறார்கள். வருகிற செவ்வாய் நான் போகிறேன். முதலில் அந்த அக்கா வீட்டுக்குப் போய், அவர்கள் கதவைத் திறந்தால் அவர்களோடு சேர்ந்து மாடிக்குப் போவேன். திறக்காவிட்டால் தனியாகப் போவேன். கூட வர நினைக்கிறவர்கள் ஆறரைக்குப் பம்மல் மெயின் ரோட்டில் பஸ் நிறுத்தத்தில் நில்லுங்கள். வேதப்புத்தகத்தைத் தவிர வேறொன்றும் எடுத்துவரவேண்டாம்.

உங்கள் சகோதரி,
பம்மல்